ஏற்காட்டில் எட்டு வருஷமாக ஒரு .32 ரிவால்வரோடு

முதல் ரிவால்வர் வாங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால், "வீட்டு பீரோவைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். எந்தக் கம்பெனி, எத்தனை இஞ்ச் பேரல், எவ்வளவு தூரம் சுடும் என்று ஆசையாகப் பேச வந்தவரிடம் பீரோவைப் பற்றிப் பேசினால் வேறு எப்படி இருக்கும்? 2017-இல் நானும் அப்படி ஆசையோடு அலைந்தவன்தான்.

நாகலூர் பக்கம் எங்களுக்குப் பதினாலு ஏக்கர் காபித் தோட்டம். அரபிகாதான். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி. அப்பா காலத்திலிருந்து சனிக்கிழமை கூலி நாள். வெள்ளிக்கிழமை சேலத்துக்கு இறங்கி பேங்கில் பணம் எடுத்து, அஸ்தம்பட்டி தாண்டி, அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவோம். காபி பறிப்புக் காலத்தில் ஆளும் கூடும், பையின் கனமும் கூடும். ஒரு சாயங்காலம் எட்டாவது வளைவிலிருந்து ஒரு பைக் என் ஜீப்பை முந்தாமலும் பின்தங்காமலும் ஏரி வரைக்கும் வந்தது. அப்புறம் திரும்பிப் போய்விட்டது. வழி தெரியாத டூரிஸ்டாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாரமே அப்பா, "லைசென்சுக்கு எழுதிப் போடுப்பா" என்றுவிட்டார்.

ஏற்காடு சேலம் மாநகர எல்லைக்கு வெளியே இருப்பதால் எங்களுக்குக் கலெக்டர் அலுவலகம். மாநகருக்குள் குடியிருப்பவர்கள் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும். ஏ-1 படிவம், உடல்நலம் மனநலம் இரண்டுக்கும் டாக்டர் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி, 2016 ஆயுத விதிகள் சொல்லும் பாதுகாப்புப் பயிற்சி, அப்புறம் போலீஸ் விசாரணை. எனக்குப் பதினோரு மாதம் ஆனது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் பயம், எந்த வழியில், எந்த நாளில் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நான் "தொழிலாளர் சம்பளப் பணம் மலைப்பாதையில் கொண்டுவர வேண்டியுள்ளது" என்று எழுதினேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, எதை வாங்குவது? பலர் நினைப்பதுபோல் இது செருப்புக்கடை இல்லை. 9 எம்.எம். போன்ற ராணுவ, போலீஸ் ரகங்கள் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, அதாவது குழல் அளவு), நமக்கு வராது. நமக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் .32, இல்லையென்றால் .22. வெளிநாட்டிலிருந்து தனியாட்கள் இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலேயே நின்றுபோனது. அதனால் தாத்தா காலத்து வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் கைமாறும்போது விலை லட்சக்கணக்கில் ஏறி நிற்கும். பழைய பத்தமடைப் பாய் மாதிரி, பெருமைக்குத்தான் அந்த விலை. வேலைக்கு உள்நாட்டுத் தயாரிப்பு போதும்.

அன்று என் முன்னால் இருந்தவை மூன்று. ஒன்று, கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் சாதாரண .32 ரிவால்வர்: ஆறு தோட்டா, மூன்று இஞ்ச் பேரல், ஏறக்குறைய 700 கிராம். இரண்டாவது, 2014-இல் வந்த நிர்பீக். டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ அளவு, வெளியான போதே விலை சுமார் 1.22 லட்சம். மூன்றாவது, மேற்கு வங்க இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் நிடர்: .22 போர், எட்டுத் தோட்டா, 250 கிராம்தான். நிர்பீக் கைக்கு அழகாக இருந்தது. ஆனால் எடை குறையக் குறையச் சுடும்போது உதைப்பு கையில் கூடும், விலையும் என் பட்ஜெட்டைத் தாண்டியது. .22 ரொம்பச் சின்னத் தோட்டா, அதை நான் இடுப்பில் கட்டப் போவதில்லை. கான்பூர் .32 என்று முடிவு செய்தேன். வரி எல்லாம் சேர்த்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியது.

பிஸ்டல் ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை, அதாவது நகரும் மேல்பாகத்தை, பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். வருஷத்துக்கு இரண்டு நாள் சுடுகிற என் மாதிரி ஆளுக்கு அந்தக் கைப்பழக்கம் வராது. இன்னொன்று, .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் ஒன்றல்ல. ரிவால்வருக்கு 1896-இல் பிறந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், அடியில் விளிம்பு வைத்தது, நீளம். பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., குட்டை. தோட்டா வாங்கும்போது நம்பரை மட்டும் சொல்லாதீர்கள்.

சேலத்தில் நான் வாங்கிய கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணி விரித்து, அதில் ரிவால்வரை வைத்தார். இடதுபுறக் கொக்கியைப் பெருவிரலால் அழுத்தி பேரலை முன்பக்கம் மடித்தார். காலித் தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு நடுவிலிருந்து எழுந்தது. ஆறு குழியும் காலி என்று விரல் வைத்துக் காட்டினார். மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

நான் சுவரைப் பார்த்துக் குறிவைக்கப் போனேன்.

"அதில்லீங்க. தெறந்து பாக்கணும்."

"நீங்க இப்பத்தானே காலின்னு காமிச்சீங்க?"

"நான் காமிச்சது என் கையில. இப்ப உங்க கைக்கு வந்திருச்சில்ல?"

மூன்று தடவை கொடுத்தார், மூன்று தடவையும் திறக்க வைத்தார். அதற்கப்புறம்தான் விலை பேசினார். எட்டு வருஷத்தில் நான் கற்ற பாடங்களில் அதைவிடப் பெரியது எதுவுமில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் அவரே சொன்னார். உடலில் வெட்டியிருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பேரலை மடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள், வரிப்பள்ளங்கள் பளிச்சென்று தெரிய வேண்டும். ஹேமர் (பின்னாலிருக்கும் சுத்தியல்) ஏறி நிற்கையில், தோட்டா வைக்கும் சிலிண்டரை விரலால் அசைத்தால் ஆடக்கூடாது. ஹேமரை ஏற்றாமல் வெறும் விசையை இழுத்துப் பாருங்கள். இழுவை கனமாகத்தான் இருக்கும், அது இந்த வகை ரிவால்வரின் சுபாவம். உங்கள் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு விசைக்கு எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. எட்டவில்லை என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி பயன்பாடு. முதல் வருஷம் ரைஃபிள் கிளப்பில் பதினைந்து மீட்டரில் ஆறு தோட்டா சுட்டேன். காகிதத்தில் இரண்டு விழுந்தது. மீதி நாலு எங்கே போனது என்று பயிற்சியாளர் கேட்கவில்லை, தேடினார். ஹேமரை ஏற்றிவிட்டுச் சுட்டால் குறி நன்றாக நிற்கிறது; வெறும் விசையில் இழுத்தால் முனை கீழே சாய்கிறது. டம்மி தோட்டா போட்டு வீட்டில் விசை இழுத்துப் பழகியதில் இப்போது ஆறில் ஐந்து தாளில் விழுகிறது. ஏழு மீட்டருக்குள் என்றால் நம்பிக்கை உண்டு. அதைத் தாண்டினால் நானே நம்பமாட்டேன்.

இடுப்பில் கட்டுவது இன்னொரு கதை. 700 கிராம் என்று காகிதத்தில் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஜீப்பில் சீட் பெல்ட் போட்டு இருபது வளைவு திரும்பும்போது இடுப்பு எலும்பில் அது எழுதும். சேலத்து வெயிலில் வியர்வை வேறு. எல்லாவற்றையும்விட ஒரு கூத்து: பேங்க் பணத்துக்காகத்தான் இதை வாங்கினேன், ஆனால் இதைக் கட்டிக்கொண்டு பேங்குக்குள் போக முடியாது. வாசலிலேயே போர்டு இருக்கிறது. ஜீப்பில் விட்டுப் போகவும் கூடாது. அதனால் கணக்குப்பிள்ளை உள்ளே போய்ப் பணம் எடுப்பார், துப்பாக்கியோடு முதலாளி வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்.

வாங்கிய மூன்றாம் மாதமே ஒரு தப்பு செய்தேன். அது நவம்பர். மேலே பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும் காலம், துவைத்த துணி நாலு நாள் காயாது. நான் ரிவால்வரை அதன் தோல் உறையிலேயே செருகி பீரோவில் வைத்துவிட்டேன், மூன்று வாரம் திறக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் சிலிண்டர் மேல் தவிட்டு நிறத்தில் பொடிப்பொடியாகத் துரு. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். துரு போனது, அந்த இடத்தில் கறுப்புப் பூச்சும் கொஞ்சம் போனது. அதன்பின் உறை தனியாகத் தொங்குகிறது. ரிவால்வர் எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான எஃகுப் பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்குள் ஷூ டப்பாக்களில் சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, வெயிலில் மாதம் ஒருமுறை துடைப்பு. தோட்டா வேறு பூட்டில், வேறு அறையில். சாவி என்னிடம் மட்டும். லைசென்ஸ் என் பேரில்தானே, என் மனைவி அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாலே சட்டப்படி தப்பு.

தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஒப்படைக்க வேண்டியிருக்கும், இதைப் புதிதாக வாங்குகிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2019, 2021, 2024 மூன்றிலும் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கினேன். கொடுப்பதற்கு முந்தின நாள் தாராளமாக எண்ணெய் தடவுங்கள், எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். திரும்ப வரும்வரை மாதக்கணக்கில் உங்களிடம் துப்பாக்கி இல்லை. முதல் இரண்டு தடவை அந்த மாதங்களிலும் வெள்ளிக்கிழமை வந்தது, பணம் எடுத்தோம், மலை ஏறினோம்.

காட்டு விலங்குக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. எங்கள் பக்கம் காட்டெருமை வருகிறது, வளர்ந்த ஆண் ஒன்று ஒரு டன் வரை எடை இருக்கும். .32 தோட்டா அதற்குக் கொசுக்கடி. தவிர அது சட்டப்படி உச்சப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு, சுட்டால் நீங்கள்தான் உள்ளே போவீர்கள்.

இந்த எட்டு வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி மட்டும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காபிக் கொட்டை காயப்போட்டிருந்த களத்தில் சரசரவென்று சத்தம். இரண்டு பூட்டு, இரண்டு அறை, இருட்டில் சாவி தேடல். தோட்டா போடும்போது கை நடுங்கி ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டது. ஐந்து போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். பனி. டார்ச் அடித்தால் பத்தடிக்கு மேல் பாலை ஊற்றியதுபோல் வெள்ளை. பனிக்குள் யாரோ மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. "யாரு?" என்று கத்தினேன். பதில் இல்லை. விசைக்கு வெளியேதான் விரல் இருந்தது, அதை மட்டும் இன்றைக்கும் நினைத்து நிம்மதிப்படுகிறேன். பனி கொஞ்சம் விலகியதும் இரண்டு கண் பச்சையாக மின்னியது, அப்புறம் கொம்பு. பலாப்பழத்துக்கு வந்த காட்டெருமை. அது என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் வேலி தாண்டிப் போனது. உருண்ட தோட்டாவை மறுநாள் காலையில் என் மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டுமே என்று விடிய விடிய கட்டிலுக்கடியில் கிடந்தேன்.

மறுநாளே களத்தில் சென்சார் லைட் இரண்டு போட்டேன். அதன் விலை ரிவால்வர் விலையில் நூற்றில் ஒரு பங்கு இருக்குமா?

இன்றைக்கு வாங்குகிறவர்களுக்குத் தேர்வு கூடியிருக்கிறது. 2023-இல் கான்பூரிலிருந்து பிரபல் வந்தது. அதில் பேரலை மடிக்க வேண்டாம், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், தோட்டா போடுவது சுலபம். என் கைக்கு இப்போது வாங்கினால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து ரிவால்வருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடும் ஆசை இருந்தால் அதையும் மூட்டை கட்டுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டு வருஷம் வரை சிறை உண்டு.

அதே திருத்தம்தான் லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கியது. 2020-இல் புதுப்பித்தேன், இந்த வருஷம் மறுபடி போனேன். எழுத்தர் பழைய கோப்பைப் புரட்டி, முதல் விண்ணப்பத்தில் நான் எழுதிய வரியில் விரலை வைத்தார்.

"சார், இன்னும் சம்பளத்தப் பணமாத்தான் குடுக்கறீங்களா?"

"இல்லீங்க. மூணு வருஷமா எல்லாம் போன்லதான். கெழவிங்க கூட ஜி-பே வச்சிருக்காங்க."

"அப்ப இத எதுக்கு வச்சிருக்கீங்கன்னு எழுதட்டும்?"

எஸ்டேட் தனிமையில் இருக்கிறது, மிளகு மூட்டை வீட்டில் இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் போட்டேன். என்ன ஆச்சு என்றாள். அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக் குடுப்பாங்க போல என்றேன். "சரி, வர்றப்ப ரெண்டு தட்டுவடை செட் வாங்கிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.