செயினை மூடிய வண்டியும் திறந்துவிட்ட வண்டியும்

நீண்ட தூரம் ஓடுவதற்கென்று நான் வைத்திருக்கும் 250 சிசி மோட்டார் சைக்கிளின் செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சென்ற வாரம் மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. கொடுத்த பணத்தைப் பற்றிப் புலம்பப் போவதில்லை; 2022இல் ரூபாய் விழுந்த பிறகு உதிரிப்பாகக் கடைப் படியேறிய எவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். என் சினம் வேறு. அதே வீட்டில், அதே தாழ்வாரத்தில், 1980களில் வந்த ஹொண்டா சிடி 200 ஒன்றும் நிற்கிறது. அதன் செயின் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

புதியதன் கொம்பனிப் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை ஒரு கொம்பனிக்கு உரியதன்று. இன்று அந்த வகுப்பில் வரும் ஏறத்தாழ எல்லா வண்டிகளுக்கும் பொதுவானது. ஒற்றைச் சிலிண்டர், எரிபொருளை உட்செலுத்தும் முறை, ஆறு கியர், இரு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக்கும், பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் என்று சொன்னால் வாசிப்பவர்களுக்கு வகை புரிந்துவிடும். பழையது 194 சிசி, இரட்டைச் சிலிண்டர், நான்கு கியர், முன்னும் பின்னும் ட்ரம் பிறேக். அவரவர் காலத்தில் இரண்டுமே தூரப் பயணத்துக்கென்று வாங்கப்பட்டவை.

முதலில் புதியதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்ல மனம் வராது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பூநகரி வழியாக ஏ32 வீதியில் நேரே போக முடிகிறது. அந்த வீதியில் இரவில் மாடுகள் படுத்திருப்பதை அவ்வழியால் போனவர்கள் அறிவார்கள். தார் பகல் வெயிலின் சூட்டை வைத்திருப்பதால் அவை வயலை விட்டு வீதிக்கு வந்துவிடும். பூநகரி தாண்டி ஓர் இரவு, முகவிளக்கு எட்டும் எல்லையில் கறுப்பு மாடு ஒன்று திடீரென எழுந்து நின்றபோது இரண்டு பிறேக்குகளையும் ஒருசேர அழுத்தினேன். பிறேக் பிடி விரல்களுக்குக் கீழே படபடவென்று அதிர்ந்தது; சில்லு வழுக்கவில்லை; வண்டி நேர்கோட்டிலேயே வந்து நின்றது. பழைய வண்டியின் ட்ரம் பிறேக்கை நம்பி அந்த வேகத்தில் நான் போயிருக்கவே மாட்டேன் என்பது உண்மை, போயிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

விளக்கும் அப்படித்தான், பழையதன் மஞ்சள் ஒளியைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை. எரிபொருள் விடயத்திலும் புதியதே மேல். 2022இல் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்த நாட்களில், அந்த 4 லீற்றரோடு வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வந்து, மிச்சத்தையும் பெற்றோல் தாங்கியில் வைத்திருந்தது இந்த வண்டிதான். பழையது கார்பரேற்றர் வழியாகக் கேட்கிற அளவு வேறு. ஆனால் அதே கார்பரேற்றர், 1990களின் போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராதிருந்தபோது, சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது. புதிய வண்டியின் உட்செலுத்திக்கு மண்ணெண்ணெயைக் காட்டினால் அன்றோடு அது முடிந்துவிடும். இனி அப்படியொரு காலம் வரக்கூடாது என்பதால் இதைப் பழையதன் கணக்கில் புள்ளியாகச் சேர்க்கவில்லை.

இப்போது செயினுக்கு வருகிறேன்.

சிடி 200இன் செயின் மேலும் கீழும் தகட்டால் முழுமையாக மூடப்பட்டது. அந்தக் கவரில் சிறிய ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றி விரலை உள்ளே விட்டால் செயினின் தளர்வைத் தொட்டுப் பார்த்துவிடலாம். விரல் கறுத்த, தடித்த எண்ணெயோடு வெளியே வரும், அந்த எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் ஒரு மணல் துகள்கூட நெருடாது. உள்ளே இருப்பது ரப்பர் வளையம் எதுவுமில்லாத சாதாரணச் செயின். இன்றைய தரத்தில் மலிவானது. ஆயினும் அதற்கு இட்ட எண்ணெய் அதனோடேயே இருக்கிறது, வெளியிலுள்ள மண் வெளியிலேயே நிற்கிறது.

புதிய வண்டியின் செயின் தொழில்நுட்பத்தில் அதைவிட எவ்வளவோ உயர்ந்தது. ஒவ்வொரு கண்ணியின் ஊசிக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் புஷ்ஷுக்கும் இடையில் தொழிற்சாலையிலேயே கிறீஸ் இட்டு, அது வெளியேறாதபடி சிறிய ரப்பர் வளையங்களால் அடைத்திருக்கிறார்கள். வளையம் நன்றாக இருக்கும்வரை உள்ளே தேய்வு மிகக் குறைவு. ஆனால் அந்த வளையத்தையும், கண்ணியின் உருளைகளையும், பல்சக்கரத்தின் பற்களையும் காப்பதற்கு வெளியே ஒன்றுமில்லை. மேற்புறத்தில் ஒரு கைப்பிடி நீளத்துக்குப் பிளாஸ்ரிக் துண்டொன்று இருக்கிறது. அது ஓட்டுபவரின் காற்சட்டையைக் காக்கிறதே தவிர செயினைக் காக்கவில்லை.

கொழும்பிலோ கண்டியிலோ இது பெரிய குறையாகத் தெரியாமலிருக்கலாம். இங்கு, யாழ்ப்பாணத்தில், நிலைமை வேறு. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய், அங்கிருந்து புங்குடுதீவுத் தாம்போதியால் குறிகட்டுவான் வரை ஒருமுறை சென்று வந்தால், இரு பக்கமும் கடல்நீர் காற்றில் தூவி, தாங்கியின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மணற்காட்டுப் பக்கம் போனால் மணல். கோப்பாய், புத்தூர்ப் பக்கம் போனால், மாவைப் போன்ற செம்மண் தூசு. இந்த மூன்றும் எண்ணெய் பூசிய திறந்த செயினில் ஒட்டிக்கொண்டால் அது எண்ணெயாக இராது, பற்களை அரைக்கும் பசையாகிவிடும். எண்ணெய் பூசாமல் விட்டாலோ உப்பு ஒரே இரவில் கண்ணிகளின் பக்கத் தகடுகளைச் செம்பழுப்பாக்கிவிடும். ஒட்டும் தன்மையுள்ள ஸ்பிறே அடித்தால் மணல் ஒட்டும். கராச்காரர் சொல்லும் 90 கியர் ஒயிலைப் பூசினால் மணல் அவ்வளவு ஒட்டாது, ஆனால் முதல் பத்துக் கிலோமீற்றருக்குள் பாதி ஒயில் சில்லின் விளிம்பிலும் பின்னால் இருப்பவரின் சேலையிலும் தெறித்திருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில், கியர் ஒயிலே தேவலை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். சேலைக்குரியவரின் முடிவு வேறு.

கழுவும் வேலையையும் சொல்ல வேண்டும். பெற்றோல் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும் என்பதால் மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் மட்டுமே பாவிக்கலாம். கம்பித் தூரிகை கூடவே கூடாது. பின்சில்லைத் தூக்கிச் சுழற்றியபடி செய்தால் சிறிது நேர வேலை. ஆனால் செயினைக் கழுவுவதற்கு அதிகம் தேவைப்படுகிற இந்த வண்டியில்தான், பின்சில்லைத் தூக்கி நிறுத்தும் நடுத் தாங்கி (சென்ரர் ஸ்ராண்ட்) கிடையாது! செயினைத் தொடவே தேவையில்லாத சிடி 200இல் உறுதியான நடுத் தாங்கி இருக்கிறது. ஆகவே புதியதைப் பக்கத் தாங்கியில் சாய்த்துவைத்து, ஒரு சாண் துடைத்து, ஒரு சாண் உருட்டி, மறுபடி சாய்த்து, மறுபடி துடைத்து, முற்றத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போக வேண்டியிருக்கிறது. தீவுப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு முறையும் இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எனக்கு வேலை செய்து தருகிற மெக்கானிக் பழைய செயினைக் கழற்றிக் கையில் வைத்து வளைத்துப் பார்த்தார். சில கண்ணிகள் வளைந்தபடியே நின்றன. முன் பல்சக்கரத்தின் பற்கள் ஒரே பக்கமாகக் கொக்கிபோலச் சரிந்திருந்தன. "அண்ணை, நீங்கள் வடிவாத்தான் பராமரிச்சிருக்கிறியள். ஆனா உப்பு விடாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்கு அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

இதைத் தீர்க்கத் தெரியாமல் உலகம் திணறிக்கொண்டிருந்தால் நான் பேசாமல் இருப்பேன். 1958இல் வந்த சூப்பர் கப் வண்டியிலேயே ஹொண்டா செயினை முழுமையாக மூடிவிட்டது. அந்த வரிசை 2017இல் 10 கோடி வண்டிகளைக் கடந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சி 90ஐ யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. அதில் பின்சில்லைக் கழற்றினாலும் பல்சக்கரமும் செயினும் கவருக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும், ரியூப்புக்கு ஒட்டுப்போடுகிறவரின் கைகூட அழுக்காகாது. பெரிய தூரப் பயண வண்டிகளிலோ செயினே வேண்டாமென்று முடிவெடுத்தார்கள்: 1974இல் அறிமுகமான கோல்ட் விங் முதல் வண்டியிலிருந்தே தண்டு வழியாகத்தான் பின்சில்லைச் சுழற்றுகிறது. தண்டு பாரமானது, விலை கூடியது. 250 சிசி வண்டிக்கு அதைக் கேட்பது பேராசை. நான் கேட்பது இரண்டு தகடுகள்.

அவற்றை ஏன் விட்டார்கள் என்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. பின் ரயர் அகலமாகிவிட்டது, அதற்கும் செயினுக்கும் இடையில் இடம் குறைவு. பின் சஸ்பென்ஷன் முன்னையதைவிட அதிக தூரம் மேலும் கீழும் போகிறது. ரப்பர் வளையச் செயின் வந்தபின் மூடி தேவையில்லை என்று எண்ணியிருப்பார்கள். இருபத்தைந்து குதிரைவலுவை இழுக்கும் செயினையும், அதைவிட மெதுவாக ஓடும் பழைய வண்டியின் செயினையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூடிய கவருக்கும் தொல்லை இருக்கிறது. செயின் தளர்ந்தால் உள்ளே தகட்டில் தட்டி ஊருக்கே கேட்கும். ஆனாலும் உண்மைக் காரணம் அழகு என்றே நினைக்கிறேன். திறந்த செயின் பந்தயவண்டித் தோற்றம் தருகிறது, மூடிய செயின் தபாற்காரரை நினைவூட்டுகிறது. பந்தயவண்டியாகத் தோன்ற வேண்டிய தேவை குறிகட்டுவான் வீதியில் எனக்கு எதுவும் இல்லை.

வவுனியாவிலுள்ள நண்பர் ஒருவர், நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு புதிய வண்டி வாங்குவதா, தெரிந்த ஒருவர் விற்கும் சிடி 200ஐ வாங்குவதா என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். பிறேக், விளக்கு, எரிபொருள், நீண்ட நேரம் இருந்தாலும் முதுகு நோகாத இருக்கை, எல்லாவற்றிலும் புதியதே மேல் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, பழையதை வாங்குங்கள் என்றேன். வவுனியாவில் கடலும் இல்லை, உப்பும் இல்லையே என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நகக்கண்களில் செயின் அழுக்கு இன்னும் போகாமலிருந்தது, ஆகவே சொன்னதை மாற்றவும் இல்லை.

அவருக்குச் சொன்ன ஒரு விடயம் மட்டும் எந்த மனநிலையிலும் செல்லும். சிடி 200 பார்க்கப் போகிறவர்கள் இயந்திரத்தை இயக்குவதற்கு முன் குனிந்து செயின் கவரைப் பார்க்க வேண்டும். கீழ்த் தகட்டை அழகுக்காகக் கழற்றி எறிந்தவர்கள் அந்நாளில் பலர், அந்தத் தகடு இப்போது தேடினாலும் இலகுவில் அகப்படாது. மேல் தகடு மட்டும் இருக்கிற வண்டியை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வாங்க வேண்டாம்.