கூரியர் வேலைக்கு மடக்கு சைக்கிளா, முழுச் சைக்கிளா, சரக்குச் சைக்கிளா?

மடக்கு சைக்கிளை வைத்துக்கொண்டு கூரியர் வேலை பார்க்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். ஆனால் எல்லா மடக்கு சைக்கிளிலும் முடியாது, எல்லாச் சுமைக்கும் ஆகாது. நான் இப்போது ஓட்டுவது 20 இஞ்ச் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிள். அதற்கு முன்னால் சாதாரண முழு அளவுச் சைக்கிளில் இதே வேலையைப் பார்த்தேன். 16 இஞ்ச் மடக்கு சைக்கிளைக் கூட வேலை செய்யும் நண்பரிடம் வாங்கி அவ்வப்போது மாற்றி ஓட்டியிருக்கிறேன். சரக்குச் சைக்கிள்தான் எனக்கு அதிகம் பழக்கமில்லை. ஆள் வராத நாளில் வேலையிடத்து வண்டியை எடுத்துப் போனதோடு சரி. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனம் 20 இஞ்ச் பக்கம்தான் சாய்கிறது. எதனால் என்று சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். நீண்ட நேர்ச்சாலையில் முழுச் சைக்கிள்தான் சுகம்; பள்ளத்தில் விழுந்தாலும் பெரிய சக்கரம் உருண்டு மேலே வந்துவிடும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி முட்டும். பாரம் என்று பார்த்தால் சரக்குச் சைக்கிளுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. மடக்கினால் அடக்கம் என்றால் 16 இஞ்ச். இதிலெல்லாம் விவாதம் இல்லை.

சுமை எங்கே உட்காருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 20 இஞ்ச் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 50 செ.மீ. உயரம். முழு அளவுச் சக்கரம் 70 செ.மீ. பக்கம் வரும். அதனால் பின் கேரியர் கிட்டத்தட்ட 20 செ.மீ. கீழே இறங்கிவிடுகிறது. 12 கிலோ பெட்டியைக் கட்டிக்கொண்டு சிக்னலில் ஒரு காலை ஊன்றி நின்று, மறுபடி கிளம்பும்போது அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். முழுச் சைக்கிளில் பெட்டி பின்னாலிருந்து பக்கவாட்டில் இழுக்கும். இதில் வண்டியோடு ஒட்டி வரும்.

சின்னச் சக்கரம் பாரம் தாங்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரிய சக்கரத்தைவிடக் கெட்டி. ஸ்போக்ஸ் கம்பி குட்டை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து ரிம்முக்கு அகலமான கோணத்தில் போகிறது. அதனால் சீக்கிரம் பெண்டாகாது. டென்மார்க்கின் புல்லிட் சரக்குச் சைக்கிளுக்கு முன்சக்கரம் 20 இஞ்ச்தான். டெர்ன் நிறுவனத்தின் ஜிஎஸ்டி (GSD) என்ற சரக்குச் சைக்கிள், ஆளும் சுமையும் வண்டியும் சேர்த்து 200 கிலோ தாங்கும்படி செய்தது. அதில் இரண்டு சக்கரமும் 20 இஞ்ச். ஆக, மடக்கு சைக்கிளுக்குச் சுமை வரம்பு குறைவாக இருப்பதற்குச் சக்கரம் காரணமில்லை. நடுச்சட்டத்தில் இருக்கும் கீலும், நீளமாக மேலே எழும்பும் ஹேண்டில் தண்டும்தான் காரணம்.

20 இஞ்ச் மடக்கு சைக்கிள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 105 கிலோ ஒட்டி இருக்கும். அது ஆளுக்கு மட்டுமா, சுமையும் சேர்த்தா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்துத்தான் என்றால், 75 கிலோ ஆள் ஓட்டும்போது மீதி 30 கிலோ. நான் அந்த எல்லை வரை போவதில்லை. தினசரி 15 கிலோ, எப்போதாவது 20 கிலோ, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஹேண்டில் தண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிடவே கூடாது. தண்டு நீளமானது, மேலே ஆடும் 3 கிலோ கீழே இருக்கும் கீலை நெம்பிக்கொண்டே இருக்கும். மாறாக, சட்டத்தின் முன்கழுத்திலேயே பை மாட்டும் அமைப்பு சில மடக்கு சைக்கிள்களில் உண்டு. 16 இஞ்ச் மடக்கு சைக்கிளுக்குப் பேர்போன பிராம்ப்டன் நிறுவனம் பல காலமாக அப்படித்தான் செய்கிறது. 20 இஞ்ச் மாடல்கள் சிலவற்றிலும் கழுத்தில் அதற்கான ஓட்டைகள் இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் பை திரும்பாது, நேராகவே இருக்கும். முதலில் பார்க்க விநோதமாகத் தெரியும், அப்புறம் அதில்லாமல் ஓட்டப் பிடிக்காது. பாதிச் சுமையை அங்கே வைத்தால் பின்சக்கரமும் பிழைக்கும், மேடு ஏறும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்குவதும் நிற்கும். பின்னால் பக்கப் பைகள் வேண்டாம், குதிகால் இடிக்கும். கேரியர் மேலேயே பெட்டியைக் கட்டுவதுதான் சரி.

சரி, மடக்குவதால் என்ன லாபம்? சுமையோடு மடக்க முடியாது என்பதை மடக்கு சைக்கிள் விற்பவர்கள் சொல்வதில்லை. பெட்டி கட்டியிருக்கும்போது அது வெறும் சின்னச் சைக்கிள்தான். இந்த ஒரு விஷயத்தில் பிராம்ப்டன் மாதிரி 16 இஞ்ச் முந்துகிறது: பின்சக்கரத்தை மட்டும் அடியில் மடித்துவிட்டு, முன்பை மாட்டியபடியே தள்ளுவண்டி போல உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம். என் வண்டியில் அது முடியாது. கடைசிப் பொட்டலத்தைக் கொடுத்த பிறகுதான் எனக்கு மடக்கும் வேலை வருகிறது. திரும்பி வரும் வழியில் பேருந்திலோ ரயிலிலோ ஏறிக்கொள்ளலாம். மேல்மாடி அலுவலகத்தில் சரக்கு எடுக்கப் போகும்போது லிஃப்டிலேயே கூடக் கொண்டுபோகலாம். எல்லாவற்றையும்விட, ராத்திரி அது வீட்டுக்குள் இருக்கும். சைக்கிள்தான் பிழைப்பு என்றால், தெருவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

முடிவை எனக்குத் தந்தது இது எதுவுமில்லை, பராமரிப்புதான். அதிலும் செலவைவிட, வண்டி எத்தனை நேரம் நிற்கிறது என்ற கணக்கு. கூரியர் வேலையில் சைக்கிள் நின்றால் வரும்படி நின்றது. எந்த வண்டியும் கெடத்தான் செய்யும். கெட்ட இடத்திலேயே, அன்றைக்கே அதை எழுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு முழு அளவுச் சக்கரம் சுமார் 460 சுற்று சுற்றும். 20 இஞ்ச் 640. பிராம்ப்டன் வகை 16 இஞ்ச் 760. அதே தூரத்தில் சின்ன டயர் அதிக முறை தரையைத் தொடுகிறது, சீக்கிரம் தேய்கிறது. ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம்முக்கும் அதே கதி: நிறுத்த வேண்டிய வேகமும் பாரமும் மாறவில்லை, தேயக்கூடிய பரப்பு மட்டும் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. பிரேக் கட்டைக்குள் மணலோ உலோகத் துகளோ குத்தியிருந்தால் அது ரிம்மை அரம் போல ராவும். வாரத்துக்கு ஒரு தடவை கட்டையைப் பார்த்து ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். ரிம்மின் பக்கம் உள்வாங்கிக் குழிந்திருக்கிறதா என்று ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னதில் முழுச் சைக்கிள்தான் ஜெயிக்கிறது. ஆனால் டயர் கிழிந்த மதியத்தை நினைத்துப் பாருங்கள். டயரின் பக்கத்தில் 47-406 என்பது போல எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீட்டரில். 20 இஞ்ச் என்று எழுதியிருப்பதில் பரவலாக இரண்டு அளவு உண்டு: 406, 451. 16 இஞ்சிலும் இரண்டு: 305, 349. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பிராம்ப்டனின் 16 இஞ்ச் வண்டியில் இருப்பது 349. அதற்கு நல்ல டயர்கள் வருகின்றன, ஆனால் தெருமுனைக் கடையில் தொங்காது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். 406 அப்படியில்லை. பிஎம்எக்ஸ் என்ற சாகசச் சைக்கிளுக்கும் சிறுவர் சைக்கிள் பலவற்றுக்கும் அதே அளவு. அகலம் முன்னே பின்னே இருந்தாலும், அன்றைய வேலையை முடிக்க ஒரு டயரும் டியூபும் எங்கேயாவது கிடைத்துவிடும். 16 இஞ்சைவிட 20 இஞ்ச் மேல் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. 20 இஞ்ச் வாங்கும்போதும் 451 வேண்டாம், 406 எடுங்கள்.

முழுச் சைக்கிளுக்கும் டயர் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அச்சு உடைந்து, ஃப்ரீவீல் பிடிக்காமல் வெறுமனே சுழன்று, ரோட்டில் சரிசெய்ய முடியாதபடி நின்றால் அதைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மடக்கு சைக்கிள் என்றால் மடக்கி அடுத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு, மிச்சப் பொட்டலங்களையும் கையில் எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம். வீட்டுக்குள் இருப்பதால் ராத்திரி மழையில் செயின் துருப்பிடிப்பதும் இல்லை.

இந்த லாபம் முழுவதும் ஒரே ஒரு பாகத்தை நம்பி இருக்கிறது. அதுதான் கீல். முழுச் சைக்கிளில் இல்லாத பாகம், கவனிக்காமல் விட்டால் ஆளையே கீழே தள்ளிவிடக்கூடிய பாகம். காலையில் கிளம்பும் முன் நான் செய்வது இது. முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை நடுக்கீலின் இடுக்கில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரல்நுனிக்குத் தெரியும். பிறகு விரலை ஹேண்டில் தண்டின் கீலுக்கு மாற்றி அதையே செய்வேன். அதற்குக் கீழே, ஃபோர்க் கழுத்தில் ஆட்டம் இருந்தால் அது பேரிங். கீலைக் குறை சொல்லக் கூடாது.

கீலைப் பூட்டும் லிவரும் பேசும். பாதி மூடும்போதே கையைத் தள்ள ஆரம்பிக்க வேண்டும், கடைசியில் உள்ளங்கையால் அழுத்தினால் சட்டென்று உட்கார வேண்டும். ஒரு விரலால் மூடினால் லூஸ். உடம்பையே சாய்த்து அழுத்த வேண்டியிருந்தால் அதிக டைட். அதுவும் கெடுதல், லிவரும் பூட்டும் சீக்கிரம் அலுத்துப்போகும். சரிசெய்யும் நட்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி மூடிப் பார்த்தால் போதும், ஒரே மூச்சில் முழுச் சுற்று வேண்டாம். கீலின் இரண்டு முகமும் சேரும் இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். நடுவில் ஒரு மணல் மாட்டினாலும் முகங்கள் முழுதாகச் சேராது. லிவர் மூடியிருக்கும், பிடி இருக்காது. சுழலும் ஊசிக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது கிரீச்சென்று சத்தம் வந்தால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

அலுமினியச் சட்டம் என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கீலைச் சட்டத்தோடு வெல்டிங் செய்த ஓரத்தில் மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அலுமினியத்தில் விரிசல் விட்டால் உடைவதற்கு அதிக நாள் எடுக்காது. இரும்புச் சட்டம் பொதுவாகக் கொஞ்சம் முன்கூட்டியே எச்சரிக்கும். மடக்கு சைக்கிளில் பாரம் ஏற்றுவது நிச்சயம் என்றால் இரும்பைத் தேடிப் பிடிப்பது நல்லது, ஓரிரு கிலோ கூடினாலும் பரவாயில்லை.

கியரைப் பற்றிச் சுருக்கமாக: 20 இஞ்சில் டீரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் கை, தரைக்கு மிக அருகில் தொங்கும், சேறும் நடைபாதை விளிம்பும் அதற்குப் பகை. கியர் பின்ஹப்புக்குள்ளேயே அடங்கிய 3 கியர் வண்டி இந்த வேலைக்குச் சுத்தம். ஆனால் பின்சக்கரத்தில் பஞ்சர் ஆனால் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும். நான் டீரெய்லரில்தான் ஓட்டுகிறேன், பழகிய கைக்கு அது வேகம்.

சரக்குச் சைக்கிளைப் பற்றி என்னால் நிறையச் சொல்ல முடியாது. புல்லிட் மாதிரி முன்பெட்டி வண்டி ஏறக்குறைய 2.4 மீட்டர் நீளம், 46 செ.மீ. அகலம். அகலம் குறைவு என்பதால் போக்குவரத்தில் நுழையும். நீளத்தால் படியேற்ற முடியாது, லிஃப்டில் ஏற்ற முடியாது, தங்குமிடம் தனியாக வேண்டும். முன்சக்கரம் நீண்ட கம்பி வழியாகத் திரும்புவதால் அந்த இணைப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை நானே பராமரித்ததில்லை. எத்தனை நாளில் ஆட்டம் வரும் என்று அனுபவத்தில் சொல்ல வழியில்லை. தினமும் 30 கிலோவுக்கு மேல், ஒரே இடத்திலிருந்து ஏற்றிப் பல இடத்தில் இறக்குகிறீர்கள் என்றால் யோசிக்காமல் அதற்கே போங்கள். அந்தப் பாரத்தை மடக்கு சைக்கிளில் கட்டுவது கீலுக்குச் செய்யும் அநியாயம். மின்மோட்டார் வைத்த மடக்கு சைக்கிளை நான் கொஞ்ச தூரம்தான் ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் அருமை, ஆனால் மடக்கித் தூக்கும்போது பேட்டரியின் கனம் கையை இழுக்கிறது.

பழையது வாங்குகிறவர்கள் பெயிண்டையும் கியரையும் பார்த்து விலை பேசாதீர்கள். வண்டியை மடக்கி, இரண்டு பாதியையும் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஊசி தேய்ந்திருந்தால் அங்கேயே தெரியும். விரித்து லிவரை இறுக்கிய பிறகும் அந்த ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்; ஊசியைச் சுற்றியிருக்கும் புஷ் வளையத்தை மாற்றித் துளையைச் சரிசெய்யத் தனிக் கருவி வேண்டும், எல்லாக் கடையிலும் அது இருக்காது. விரித்த பிறகு பின்னால் நின்று பாருங்கள்: இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன்பாதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சட்டத்தில் யாரோ அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கலாம், அல்லது எங்கேயோ மோதியிருக்கலாம். எதுவானாலும் அதை வாங்க வேண்டாம்.