எட்டு வருடமாக வைரஸ்டோட்டல்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருகிறவர்கள், காலேஜ் பசங்க என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பென்டிரைவ் என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கும். எதில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது செருகிய பிறகுதான் தெரியும். அதனால் வைரஸ்டோட்டல் தளம் எப்போதும் ஒரு டேபில் திறந்தே கிடக்கும்.

ஸ்பெயினில் 2004-இல் தொடங்கிய தளம் இது. 2012-இல் கூகுள் வாங்கியது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்கள் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கருத்துச் சொல்லும். காசு கிடையாது, 650 எம்பி வரை ஏற்றலாம்.

முதல் இரண்டு வருடம் நான் இதைப் பரீட்சை மார்க் மாதிரிதான் பார்த்தேன். ஒரு ஆன்டிவைரஸ் 'இது வைரஸ்' என்றால் சிவப்பு, ஒன்றுமில்லை என்றால் பச்சை. இரண்டு சிவப்பு வந்தாலே டெலீட். அப்படித்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். கடையில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த தமிழ் டைப்பிங் கருவியை ஒரு காலையில் ஆன்டிவைரஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. தளத்தில் போட்டுப் பார்த்தேன், ஐந்து சிவப்பு. யோசிக்காமல் மூன்று கம்ப்யூட்டரிலும் தூக்கிவிட்டேன். மதியம் மண்டல அலுவலகத்துக்கு மனு அடிக்க ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். டைப் அடிக்க வழியில்லை. கையால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ராத்திரி கடை மூடியபிறகுதான் அந்த ஐந்து சிவப்புக்குப் பக்கத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படித்தேன். ஒன்றில் 'ஜென்', ஒன்றில் 'ஹியூர்', இன்னொன்றில் 'எம்எல்', மற்ற இரண்டிலும் 'சஸ்பீஷியஸ்'. எல்லாமே பொதுப்பெயர்கள். 'இன்ன வைரஸ்' என்று எவரும் அடையாளம் சொல்லவில்லை. 'ஆள் பார்க்கத் திருடன் மாதிரி இருக்கிறான்' என்று மட்டும் சொல்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. டைப்பிங் கருவி நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் கவனித்து எழுத்தை மாற்றிப் போடுகிறது. பாஸ்வேர்டு திருடும் கீலாக்கரும் விசையைத்தான் கவனிக்கிறது. போதாக்குறைக்கு, செய்தவர் ஃபைலைச் சுருக்கிக் கட்டியிருந்தார். வைரஸ்காரர்களும் அப்படித்தான் கட்டுவார்கள்.

நிஜமான வைரஸ் எப்படி இருக்கும் என்பதற்கு அதே மாதத்தில் வந்த ஒரு பையனின் பென்டிரைவைச் சொல்லலாம். உள்ளே 'புராஜெக்ட்' என்று மஞ்சள் ஃபோல்டர். ஆனால் பக்கத்தில் 'டைப்' என்ற இடத்தில் 'அப்ளிகேஷன்' என்று இருந்தது. ஃபோல்டர் எப்படி அப்ளிகேஷன் ஆகும்? ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னால், வாலில் இஎக்ஸ்இ. ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டிருந்தது. தளத்தில் அறுபதுக்கு மேல் சிவப்பு, பெயரிலும் முக்கால்வாசிப் பேர் ஒரே குடும்பத்தைச் சொன்னார்கள். "இன்னாணா, வைரஸ் கீதா?" என்று பையன் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் தளத்துக்குப் போவதற்கு முன்பே ஃபைல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்தப் பிள்ளை, சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருக்கும். அதே பெயரில் ஒன்று டெம்ப் ஃபோல்டரில் இருந்தால் அது வேறு வீட்டுப் பிள்ளை. அப்புறம் பிராபர்ட்டீஸில் டிஜிட்டல் கையெழுத்து, அதாவது ஃபைலைச் செய்த கம்பெனி போடும் முத்திரை. இதையும் முழுசாக நம்ப முடியாது. 2017-இல் கம்ப்யூட்டரில் சேரும் குப்பையைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் வைரஸைப் புகுத்திவிட்டார்கள். அது சரியான கையெழுத்தோடுதான் வெளியே வந்தது.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன், இதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு வாடிக்கையாளரின் வேர்டு ஃபைல் திறக்கும்போது மேக்ரோ (ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் புரோகிராம்) எச்சரிக்கை வந்ததென்று அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டேன். உள்ளே அவர் குடும்பத்தின் ஆதார் எண்கள், பேங்க் விவரம் எல்லாம் இருந்தன. நாம் ஏற்றும் ஃபைல் அந்தத் தளத்தோடு நிற்பதில்லை. ஆன்டிவைரஸ் கம்பெனிகளுக்கும், காசு கட்டிய சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். அன்றிலிருந்து அடுத்தவர் டாக்குமெண்டை ஏற்றுவதே இல்லை. கமாண்ட் பிராம்ப்டில், விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையை வைத்து ஷா-256 ஹேஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து, அந்த 64 எழுத்தை மட்டும் தேடுகிறேன். அந்த ஃபைலை வேறு யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும். வராவிட்டால், எனக்கு அந்த ஃபைல் வேண்டாம்.

தளத்தில் குறையென்றால், பழைய முடிவையே முகத்தில் காட்டும். கடைசியாகச் சோதித்த தேதியைப் பார்த்து மறுபடி சோதிக்கச் சொல்ல வேண்டும். புது வைரஸ் என்றால் முதல் நாள் எல்லாம் பச்சையாகவே இருக்கலாம். கூரியர் பில் என்று மெயிலில் வந்த ஒரு பிடிஎஃப் வேஷக்காரனுக்கு அன்றைக்கு ஒரு சிவப்புகூட இல்லை. மூன்று நாள் கழித்துத் தட்டினால் முப்பதைத் தாண்டிவிட்டது. அதனால் முதன்முதலில் எப்போது ஏற்றப்பட்டது என்ற தேதியை 'டீட்டெயில்ஸ்' பகுதியில் தவறாமல் பார்க்கிறேன். நேற்றுப் பிறந்த ஃபைலின் பச்சைக்கு மதிப்பில்லை.

அந்த டைப்பிங் கருவி திரும்பவும் கடைக்கு வந்துவிட்டது. தவறாகப் பிடிக்கிறீர்கள் என்று ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு அனுப்பினேன், சிவப்பை எடுத்தார்கள். இந்த மாதம் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, மறுபடி மூன்று சிவப்பு. செய்தவர் தன் தளத்தில் போட்டிருக்கும் ஹேஷும் என்னுடையதும் ஒத்துப்போகின்றன. இருந்தாலும் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஏற்றியிருக்கிறேன். மற்ற இரண்டிலும் இப்போதைக்குப் பழைய பதிப்பே ஓடுகிறது.