பயிற்சி மையத்தின் ‘கமிட்டி’ கையெழுத்தை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்: கூடலூர், பந்தலூர் பெற்றோர் கவனத்துக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நம் நீலகிரி எஸ்டேட்டுகளின் லைன் வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஆள் வரத் தொடங்குவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப், ‘அரசு இலவசப் பயிற்சி, வேலை உறுதி’ என்று போட்ட நோட்டீஸ். மொபிலைசர் என்று அவர்களுக்குப் பேர். அதில் உண்மையான திட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் லைனுக்கு வந்தவர்களை நம்பிப் போன பிள்ளைகள் பணத்தையும் ஒரு படிப்பு வருஷத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். என் அண்ணன் மகளும் அதில் ஒருத்தி. புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய முறையை மட்டும் முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையில் அடுத்த லைனுக்கும் வருவார்கள்.

எங்களை நம்ப வைத்தது நோட்டீஸ் இல்லை. ‘உள்ளூர் ஆலோசனைக் குழு’ என்று ஒரு பட்டியல். ஒரு ரிசார்ட் மேனேஜர், ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகளிர் குழுப் பிரதிநிதி, ஊர்ப் பெரியவர் ஒருவர் என்று பேர் போட்டு, ஒவ்வொரு பேருக்கும் நேரே கையெழுத்து. “அக்கா, என்ன கோர்ஸ் நடத்தணும், எங்க வேலைக்கு அனுப்பணும்னு கமிட்டிதான் முடிவு பண்ணுது. நாங்க சும்மா நடத்துறோம், அவ்வளவுதான்” என்று அந்தத் தம்பி சொன்னான். தெரிந்த பேர்கள் நாலு இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

ஹோட்டல் சர்வீஸ், மூன்று மாதம் என்று சேர்த்தார்கள். இலவசம் என்றவர்கள் சேரும் அன்று யூனிபார்முக்கும் டெபாசிட்டுக்கும் என்று தலைக்கு 4,500 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்த ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் தாத்தா காலத்தில் வந்தோம், இன்னும் அந்தப் பழைய காகிதங்களைக் காட்டித்தான் ஒவ்வொன்றையும் வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி வாங்கிய சான்றிதழ் யாரோ ஒருவரின் மேசை டிராயரில் கிடந்தது.

பயிற்சி என்று நடந்தது இதுதான். கடைக்கு மேலே ஒரு ஹால். காலையில் போனதும் மெஷினில் விரல் வைக்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வந்தவர் சில வாரத்தில் நின்றுவிட்டார், வேறு ஆள் வரவில்லை. ஒருநாள் மட்டும் எல்லோரையும் சீக்கிரம் வரச் சொன்னார்கள். ஒரே ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு டை, ஒரு டிரே. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கோட்டை மாட்டி, கையில் டிரேயைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். உடனே கழற்றி அடுத்த பிள்ளைக்கு. அண்ணன் மகளின் போனில் அந்தப் படம் இருக்கிறது. கை முட்டியைத் தாண்டித் தொங்குகிற கோட்டு, பின்னால் பேனர். அந்த டிரேயை அதற்கு முன்னும் பின்னும் அவள் தொட்டதே இல்லை.

எதற்கு இவ்வளவு பாடுபட்டு வருகைப்பதிவும் படமும் எடுக்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அரசுத் திட்டங்களில் பயிற்சி நடத்துபவர்களுக்குப் பணம் ஒரே தடவையில் வராது. பிள்ளைகள் சேர்ந்து வந்து போகிறார்கள், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினார்கள், வேலையில் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொன்றையும் காட்டக் காட்டத் தவணை தவணையாக வரும். பிள்ளை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது. கெட்டவன் கையில் போனால், விரலும் படமும் ஒரு வேலைக் கடிதமும் இருந்தால் போதும், பிள்ளைக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வேலைக் கடிதமும் வந்தது. கோயம்புத்தூரில் பெரிய ஹோட்டல் என்றார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். செக்கிங் வேலை, காலையில் நின்றால் இரவு வரைக்கும். சொன்ன சம்பளத்தில் தங்குமிடம், சாப்பாடு, வேன் என்று பிடித்தது போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. பி.எஃப். நம்பர் கேட்ட பிள்ளைகளுக்குப் பதிலே இல்லை. திருப்பூர் வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே நின்று குடும்பத்தைத் தூக்கியிருக்கிறார்கள். அதற்குப் போக வேண்டுமென்றால் கூடலூரில் பஸ் ஏறினால் போதும். பணம் கட்டி, சான்றிதழை அடகு வைத்தது போல் கொடுத்து, மூன்று மாதம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நாங்கள் மையத்துக்குப் போய், “கமிட்டிதானே முடிவு பண்ணுச்சு, கமிட்டி என்ன எழுதிச்சுன்னு காட்டுங்க” என்று கேட்டோம். முதலில் மழுப்பினார்கள். பெண்கள் நகராமல் உட்கார்ந்துவிட்டதும் ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார்கள். மேல் பக்கத்தில் டைப் அடித்த தீர்மானம்: ‘ஹோட்டல் சர்வீஸ் பயிற்சிக்கு உள்ளூரில் தேவை இருப்பதாகக் குழு ஒருமனதாக ஏற்கிறது.’ அதற்குப் பின்னால் பின் அடித்த இன்னொரு தாள், கோடு போட்ட நோட்டில் கிழித்தது, அதில் கையெழுத்துகள். அந்தத் தாளைப் பார்த்ததும் என் அண்ணி கையை வாயில் வைத்துக்கொண்டார். மூன்றாவது கையெழுத்து அவருடையது. போன வருஷம் மகளிர் குழுக் கட்டடத்தில் ‘அறிமுகக் கூட்டம்’ என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, வந்தவர்கள் பேர் எழுதச் சொன்னார்களே, அந்தத் தாள். வருகைக்குப் போட்ட கையெழுத்துதான் தீர்மானத்துக்குப் பின்னால் போயிருக்கிறது.

அந்த ரிசார்ட் மேனேஜரையும் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். “ஒரு நாள் வந்து விசிட்டிங் கார்டு வாங்கிட்டுப் போனாங்கம்மா. கூட்டம்னு யாரும் கூப்பிட்டதே இல்ல. எனக்கு இப்ப ஆள் தேவைன்னா எலக்ட்ரிக்கல் தெரிஞ்ச பையன், நல்லா வண்டி ஓட்டுற பையன். அதையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். குழு என்பதே அதற்குத்தானே.

உண்மையான குழு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பொய்யைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் மாவட்டத் திறன் குழு என்று ஒன்று உண்டு. எந்தத் தொழிலுக்கு எந்தப் பகுதியில் ஆள் தேவை, எந்தப் பயிற்சி நடத்தலாம் என்று மாவட்டத்துக்கான திட்டம் போடுவது அதன் வேலை. 2018-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சங்கல்ப் என்ற மத்தியத் திறன் பயிற்சித் திட்டமும் இந்த மாவட்டக் குழுக்களைப் பலப்படுத்தப் பேசியது. அரசு ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இதே எண்ணத்தில் செய்திருக்கிறார்கள். 2007-08-இல் தொடங்கிய ஒரு மத்தியத் திட்டத்தில் நாடு முழுக்க 1,396 ஐ.டி.ஐ.களுக்குத் தொழில் நடத்துபவர் ஒருவரைத் தலைவராகப் போட்டு மேலாண்மைக் குழு அமைக்கச் சொன்னார்கள். ஆள் எடுக்கப் போகிறவர் சொல்வதைக் கேட்டுப் பாடத்தை நடத்து என்பதுதான் அதன் அர்த்தம்.

நம் மலைக்கு இது எல்லா இடத்தையும் விட அதிகம் தேவை. தேயிலைக்கு விலை இல்லாதபோது எஸ்டேட்டில் வேலை நாள் குறைகிறது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வர இ-பாஸ் வந்துவிட்டது, டூரிஸ்ட் வேலை எத்தனை பேருக்கு இருக்கும் என்பதை அதையும் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும். இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளில், தனியார் ஃபேக்டரிகளில் மெஷின் பார்க்க ஆள் வேண்டுமா, ஆஸ்பத்திரிகளில் உதவிக்கு ஆள் வேண்டுமா, ரிசார்ட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேண்டுமா என்று ஊரில் உட்கார்ந்து பேசுகிற குழு ஒன்று இருந்தால் பிள்ளைகள் மலையை விட்டு இறங்காமலே பிழைக்க வழி பார்க்கலாம். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் ‘குழு’ப் பட்டியலில் இல்லை.

இனி யாராவது வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் பணம். மத்திய அரசின் கௌசல் விகாஸ் யோஜனா என்றாலும், கிராமப் பிள்ளைகளுக்கான தீன்தயாள் உபாத்யாயா திட்டம் என்றாலும் பயிற்சிக்குக் காசு வாங்கக் கூடாது. தீன்தயாள் திட்டத்தில் தங்கிப் படித்தால் சாப்பாடும் தங்குமிடமும்கூட இலவசம், வெளியூர் வேலைக்குப் போனால் முதல் சில மாதங்களுக்குக் கைச்செலவுக்குப் பணமும் உண்டு. கூடலூரிலும் குன்னூரிலும் இருக்கிற அரசு ஐ.டி.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே படிக்கிற பிள்ளைக்கு மாதம் 750 ரூபாய் அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். அரசுப் பயிற்சி என்றால் பணம் நம் பக்கம் வர வேண்டும். டெபாசிட் என்று எவன் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அசல் சான்றிதழ். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

குழுவைப் பற்றிச் சொன்னால், பட்டியலில் இருக்கிற பேரில் ரெண்டு பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது கூடினீர்கள், என்ன பேசினீர்கள், போன பேட்ச் பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். உண்மையில் கூடியவருக்குப் பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்காது. போன பேட்ச் பிள்ளைகளில் ஒருவரோடு போனில் பேசிவிடுங்கள், அதை மையம் கொடுக்கிற நம்பரில் பேசாதீர்கள், நீங்களே ஊரில் விசாரித்துப் பிடியுங்கள். ஸ்கில் இந்தியா தளத்தில் மையத்தின் பேரைத் தேடினால் அங்கீகாரம் உள்ளதா என்று தெரியும். ஊட்டியில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய் வருவது ஒரு முழு நாள் வேலை என்று எனக்கும் தெரியும், கூலி நாள் போகும். போன் செய்தாவது கேளுங்கள்.

மகளிர் குழு சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. வெற்றுத் தாளிலோ, மேலே என்ன கூட்டம், என்ன தேதி என்று எழுதாத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘வருகைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போடுங்கள். என் அண்ணி மேல் லைனில் சிலர் கோபமாக இருக்கிறார்கள். அது நியாயமே இல்லை. அவர் மகளும்தான் ஏமாந்தாள். கையெழுத்தைத் திருடியவனை விட்டுவிட்டுக் கையெழுத்துக்காரியைப் பேசக் கூடாது.

எங்கள் விஷயம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், முதல்வரின் உதவி எண் 1100-க்கும் போன் செய்து புகார் பதிந்தோம். மனு நகலோடு மையத்துக்குப் போனபோது சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணம் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த மையத்துக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எந்தெந்தப் பிள்ளைகளை வேலையில் சேர்த்ததாகக் காட்டியிருக்கிறார்கள், ஆலோசனைக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்ன என்று கேட்டிருக்கிறோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம். அடுத்த கிராம சபையில், நம் ஊராட்சிப் பிள்ளைகளை யார் எந்தப் பயிற்சிக்குச் சேர்த்தாலும் அந்தப் பட்டியலைச் சபையில் படிக்க வேண்டும் என்று தீர்மானம் கேட்கப் போகிறோம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்தில் உங்கள் பிள்ளையும் ‘நன்கொடை’ ரசீது வாங்கியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரசீது, அடையாள அட்டை, வேலைக் கடிதம், கோட்டுப் போட்ட அந்தப் படம், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். திருப்பூரில் இன்னும் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் சீக்கிரம் எங்களிடம் பேசினால், அவர்கள் பேரையும் மனுவில் சேர்த்துவிடலாம்.