பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுவதா, கம்பெனி வண்டிக்கா?

கோபிசெட்டிபாளையம், தாராபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி. தனியார் கம்பெனி வண்டி பல இடங்களில் தோட்டத்துப் பக்கமே வந்துவிடும். பால் தட்டுப்பாடான கோடையில் விலையை ஏற்றுவார்கள். பால் பெருகினால் குறைப்பார்கள், கேட்க ஆளில்லை.

சொசைட்டிக்கு, அதாவது ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு, நாம்தான் கேனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பணமும் சிலசமயம் இழுக்கும், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மேலே ஆவின் என்ற மூன்றடுக்கில் அடித்தளம் உறுப்பினர்கள்தான். இருபது மாட்டுக்காரருக்கும் ஒற்றை எருமை வைத்திருக்கும் அம்மாவுக்கும் ஒரே ஓட்டு (தேர்தல் ஒழுங்காக நடந்தால்!). லாபம் வந்தால், வருசத்தில் யார் எவ்வளவு ஊற்றினார்களோ அதற்கேற்ப போனஸ். மூன்று, நாலு லிட்டர்காரர் என்றால் சொசைட்டியையே சொல்வேன்.