"முழுமையானது" என்று விற்கப்படும் கிரேக்க எண்ணெய்க் குப்பி: சேகரிப்பாளர்கள் கவனத்திற்கு

பண்டைய கிரேக்க மட்கலங்களைச் சேகரிப்பவர்கள், லண்டனிலிருந்து இணையம் வழியாக விற்கும் ஒரு தொல்பொருள் வணிகரிடம் நான் வாங்கிய குட்டை லெக்கிதோஸ் ஒன்றைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸ் வட்டாரத்தில் செய்யப்பட்ட, கறுப்பு மெருகிட்ட வாசனை எண்ணெய்க் குப்பி என்றும், உடைவோ ஒட்டுவேலையோ இல்லாத முழுமையான கலம் என்றும் அவர் விவரித்திருந்தார். வந்து சேர்ந்த குப்பியின் வயிறும் அடிவளையமும் உண்மையிலேயே பழையவை. கழுத்து, வாய், கைப்பிடி ஆகிய மூன்றும் இக்காலத்தில் பிசினால் செய்து ஒட்டிக் கறுப்புச் சாயம் பூசப்பட்டவை.

பண்டைய கலங்களில் உள்ள கறுப்பு மெருகு பூசிய வண்ணமன்று. இரும்புச் சத்து மிகுந்த நுண்களிமண் குழம்பைக் கலத்தின்மேல் பூசி, சூளையில் முதலில் காற்றோட்டத்துடனும், பிறகு காற்றை அடைத்துப் புகையுடனும், கடைசியில் மீண்டும் காற்றை விட்டும் சுடும்போது, குழம்பு கண்ணாடித்தன்மை பெற்று இறுகிக் கறுப்பாகவே நிற்க, நுண்துளைகள் உள்ள உடல்மண் மட்டும் செம்மைக்குத் திரும்பும். ஆகவே பழைய மெருகு அசிட்டோனில் கரையாது. இந்தக் குப்பியின் கழுத்தை அசிட்டோன் தோய்த்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தபோது பஞ்சு கறுத்தது. வயிற்றைத் துடைத்த பஞ்சில் தூசியைத் தவிர வேறொன்றும் ஒட்டவில்லை. முன்னதாகவே புற ஊதா விளக்கின் கீழ் வயிறு இருண்டு கிடக்க, தோளுக்கு மேற்பட்ட பகுதி மட்டும் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது.

இவ்வகைக் குப்பிகளுக்கு வாயையும் கைப்பிடியையும் தனியே செய்து பொருத்துவது அக்காலக் குயவர் வழக்கம் என்பதால், அவை அந்த இடங்களில் முறிந்து கிடைப்பது இயல்பு. முறிந்ததைச் சீரமைத்து, சீரமைத்ததாகவே சொல்லி விற்பதில் தவறேதும் இல்லை. சொல்லாமல் மறைத்து, முழுக்கலத்தின் விலையைக் கேட்பதுதான் மோசடி.

குப்பியுடன் வந்த வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். மண் கடைசியாகச் சுடப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அச்சோதனை காட்டுமே தவிர, மாதிரித்தூள் எடுக்காத பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. இங்கே அடிவளையத்தில் துளையிட்டுத் தூள் எடுத்திருக்கிறார்கள். சான்றிதழ் பொய்யில்லை, அதைக் காட்டி விற்ற விதம்தான் பொய்.

"1970க்கு முந்தைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்று அவர் விவரிப்பில் எழுதியிருந்த வரியும் அப்படித்தான். தொல்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த ஆண்டில் உருவானதால், பலரும் அந்த ஆண்டை மந்திரம்போல உச்சரிக்கிறார்கள். பழைய பற்றுச்சீட்டு, ஏலப் பட்டியல், புகைப்படம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை அனுப்பும்படி கேட்டதற்கு, முந்தைய உரிமையாளரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்ற பதிலே வந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே 1972இல் வாங்கிய, பண்டைய கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியோஸ் வரைந்த கலத்தை, அது கடத்தப்பட்டது என்ற காரணத்தால் 2008இல் இத்தாலிக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தபின், ஆவணம் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் வணிகரிடமிருந்து விலகிவிடுவதே மேல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திருப்பி அனுப்பும் 14 நாள் கெடு முடிந்துவிட்டதென்று கைவிரித்தார். ஆனால் அந்தக் கெடு மனம் மாறித் திருப்பி அனுப்புவோருக்கானது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்ற பொருள் விவரிப்புக்கு ஒத்துவராவிட்டால், 30 நாளுக்குள் அதை மறுத்து முழுத்தொகையையும் கேட்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. வங்கிப் பரிமாற்றம் செய்தால் விலையில் தள்ளுபடி என்று அவர் முதலில் வற்புறுத்தியதன் காரணம் அப்போது விளங்கியது. நல்லவேளையாக நான் அட்டையிலேயே செலுத்தியிருந்தேன். அட்டை நிறுவனத்தின் பெயரை எடுத்ததும் பணம் வந்துவிட்டது.

அதே குப்பி இப்போது அதே விவரிப்புடன், விலை கூட்டப்பட்டு, மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. வயிற்றின் ஒரு பக்கத்தில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, சூளையில் கறுக்காமல் செந்நிறமாகவே நின்றுவிட்ட நீள்வட்டத் திட்டு ஒன்று உண்டு. அதைக் கொண்டு அடையாளம் காணலாம். புதிய படங்கள் எல்லாமே அந்தத் திட்டு தெரியாத பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருப்பதால், வாங்க நினைப்பவர்கள் மறுபக்கப் படத்தையும், புற ஊதா ஒளியில் எடுத்த கழுத்துப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.