முதல் போன்சாய்க்குச் சட்சுகி அசேலியா: சில வருடம் வளர்த்தபின் என் கருத்து

முதல் போன்சாயாக எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் சட்சுகி அசேலியா என்ற ஜப்பானியப் பூச்செடியைத்தான் சொல்வேன். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம், எங்கள் வீட்டு பால்கனியில் ஒசகாசுகி ரகச் செடி ஒன்றைச் சில வருடங்களாக வளர்த்து வருகிறேன். அடர்ந்த ரோஸ் நிறப் பூ, சீக்கிரம் பருக்கும் அடிமரம். இங்கே வேலிச்செடியாகவும் நடுகிற அளவுக்குத் திடமான ரகம் என்பதால் விலையும் பயமுறுத்தாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தச் செடி தருகிற பெரிய தைரியம், வெட்டினால் தாங்கும் என்பது. பைன் மரத்தில் ஒரு பச்சை ஊசிகூட விடாமல் கிளையை வெட்டினால் அந்தக் கிளை அநேகமாகப் பட்டுப்போகும். அசேலியாவில் மொட்டையாக நிற்கும் பழைய கட்டையிலிருந்தும் துளிர் கிளம்பும். வெட்டிய இடத்தில் மட்டும் காயப்பசை பூசிவிட வேண்டும். மரம் காய்ந்து உள்ளே அழுகும் பழக்கம் இதற்கு உண்டு.

இன்னொரு குணத்தைப் புரிந்துகொண்டால்தான் வடிவம் கைக்கு வரும். பெரும்பாலான மரங்கள் உச்சியை நோக்கி ஓடும். அசேலியா அடிப்படையில் புதர். பலமெல்லாம் கீழ்க்கிளைகளில்தான், உச்சி மெலிந்துகொண்டே போகும். அதனால் கவாத்து தலைகீழ்: கீழே தயங்காமல் வெட்டுங்கள், உச்சியில் துளிர்களை விட்டுவையுங்கள். மற்ற மரங்களுக்கு எழுதிய கையேட்டைப் பார்த்து உச்சியை ஒட்ட வெட்டினால், சில வருடத்தில் மேல் பாதி காலியாகிவிடும்.

மே கடைசியிலிருந்து ஜூன் வரை பூக்கும். வாடியதும் இதழை மட்டும் இழுத்தால் போதாது. அடியில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் சூலகத்தையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். இல்லாவிட்டால் விதைக்குச் சத்து போய்விடும். உடனே கவாத்து. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே புள்ளியிலிருந்து நாலைந்து துளிர்கள் சக்கரம்போல் கிளம்பியிருக்கும். மேல் நோக்கியும் கீழ் நோக்கியும் போவதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் விரியும் இரண்டை மட்டும் விட்டு, அவற்றையும் சில இலைகளோடு குறுக்குவேன். இந்த வேலையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அப்போது மழைக்காலமும் தொடங்கிவிடுவதால் செடி நன்றாகத் தேறும். அடுத்த வருட மொட்டுகள் கோடையிலேயே உருவாகிவிடும் என்பதால், தள்ளிப்போட்டு ஆகஸ்டில் வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள்.

கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி கட்டுவது இதன் பலவீனமான பக்கம். மரம் நொறுங்கும் வகை. அடிமரத்தோடு சேரும் இடத்தில் கிளை சட்டென்று ஒடிந்துவிடும். இளங்கிளைக்கு அலுமினியக் கம்பி, அதுவும் மண் கொஞ்சம் காய்ந்திருக்கும் நாளில். பருத்த கிளையை வளைக்கவே வேண்டாம், வெட்டியே வடிவம் கொண்டுவரலாம்.

வெட்டைத் தாங்கும் செடி, தண்ணீர் விஷயத்தில் கறார். வேர்கள் தலைமுடி போல மெல்லியவை, ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் மீள்வது கஷ்டம். அமில மண் வேண்டும். இங்கே எல்லாரும் போடுவது டோச்சிகி மாவட்டத்துக் கனுமா மண்; 40,000 ஆண்டுகளுக்கும் முன்பு அகாகி எரிமலை கக்கிய நுரைக்கல் அது. ஈரமாக இருந்தால் நல்ல மஞ்சள், காய்ந்தால் வெளிறிவிடும். எப்போது ஊற்றுவது என்று நிறமே சொல்லிவிடுவதால் புதியவருக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. கோடையில் என் பால்கனியில் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றுகிறேன். உரத்துக்குக் கடுகு இனத்துப் புண்ணாக்கு உருண்டை, பூ முடிந்தபிறகுதான்.

தொல்லை என்றால் இலைச்சாற்றை உறிஞ்சும் சரிகைப் பூச்சி (lace bug). இலை மேலே வெள்ளிப் புள்ளியாக வெளிறும், அடியில் கறுப்புப் பொட்டுகள் இருக்கும். இலைக்கு அடியில் பார்க்கும் பழக்கம் வேண்டும். பூத்திருக்கும்போது மழையில் விட்டால் இதழ்கள் கறைபட்டுப்போகும், கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். இலையும் பூவும் விஷம் என்பதால் பூனை வளர்ப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

ஊரில் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்றால் தாராளமாக. நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசே இதற்குச் சொந்தக்காரன்தான். சமவெளி வெயிலும் போர்வெல் உப்புத்தண்ணீரும் ஆகாது. அங்கே ஆல், அத்தி இனங்களோ காகிதப்பூவோ எடுப்பதுதான் சரி.

வாங்கப் போனால் பூவில் மயங்காதீர்கள். மேல்மண்ணை லேசாக விலக்கி, வேர்கள் நாலாபக்கமும் பரவியிருக்கின்றனவா, அடிமரம் மேலே போகப்போக மெலிகிறதா என்று பாருங்கள். பூவை மாற்ற முடியாது என்றாலும் அது வருடத்தில் சில வாரம்தான். மீதி மாதமெல்லாம் கண்முன் நிற்கப்போவது அந்த அடிமரம்.